இடது பக்கத்தில் நிற்பவள்

சான் ஹெர்வாசியோ மலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஹில்தார்தோ ஜீப்பைக் காபிக்கொட்டை காயப்போடும் களத்தின் ஓரமாக நிறுத்தினார். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல்.

"இந்தப் பாதையைப் போட்டவன் என் கையில கிடைச்சான்னா, டாக்டர், அவனையே இந்த ஜீப்ல உட்கார வச்சு மேலயும் கீழயும் ஓட்டுவேன்."

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"இன்னைக்கா?"

"நேத்து போட்டது இன்னும் வயித்துக்குள்ளதானே இருக்கும்" என்று சிரித்தார்.

ஹில்தார்தோ எங்கள் ஆய்வுக் குழுவின் நர்ஸ். டிரைவரும் அவர்தான். மெதெயின் நகரத்தில் நான் பார்த்துக்கொள்ளும் பக்கவாத வார்டில் அவருடைய குரல் கேட்காத நாள் கிடையாது. மூளையின் ரத்தக்குழாய்கள் எப்படிக் கெடுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காகத்தான் பல வருடங்களாக இந்த மலையில் தபாரெஸ் குடும்பத்தின் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம்.

அந்தக் குடும்பத்தில் ஒரு நோய் ரத்தத்தோடு வந்துகொண்டிருந்தது. முதலில் தலைவலி. கண்ணுக்கு முன்னால் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் ஓடும். நாற்பது வயதை நெருங்கும்போது முதல் பக்கவாதம். பிறகு இன்னொன்று. பேச்சு போகும், நடை போகும், கடைசியில் ஆளே போய்விடுவார். மூளைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களின் சுவர் தடித்து அடைத்துக்கொள்கிறது என்று நாங்கள் சொல்வோம். ஊர்க்காரர்கள் அதைக் காற்று என்பார்கள். "அந்த வீட்டுல காத்து குடியிருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டும்போது சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்கள்.

பழைய மண்சுவர் வீடு. சுற்றிலும் மரத் தாழ்வாரம், சிவப்புச் சாயம் உரிந்து தொங்கும் கதவுகள். அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டே பேர்தான் மிச்சம். அண்ணன் எவேலியோ. கடைசித் தங்கை அம்பாரோ. மூத்தவள் லிபியா இறந்து இரண்டு வருடமாகிவிட்டது.

லிபியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவையும் இரண்டு தம்பிகளையும் அவள்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். படுக்கையில் விழுந்தவர்களுக்கு ஊட்டினாள், துடைத்தாள், அவர்கள் சாகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுல யாரும் தனியாச் சாக மாட்டாங்க, டாக்டர்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு அவளுக்கே வந்தது. செத்த பிறகு மூளையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவளாகவே எழுதிக் கொடுத்தாள். எடுத்தோம். பாதியை உறையவைத்தோம். மீதியைக் கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டோம். உடலைத் தலையில் துணி கட்டி மலைக்கு அனுப்பிவைத்தோம்.

அம்பாரோ வாசலுக்கு வந்து எங்களைக் கூட்டிப்போனாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சமையலறையில் விறகுப் புகை. சுடச்சுட வெல்லத் தண்ணீரும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தாள். ஆனால் அவள் கண் என் பையிலேயே இருந்தது. போன முறை அவளுடைய ரத்தத்தை எடுத்துப் போயிருந்தோம். அவளுக்கும் அந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அதுவரை வேண்டாம் வேண்டாம் என்றிருந்தவள், அந்தத் தடவை தானே கையை நீட்டினாள்.

"சொல்லிருங்க டாக்டர்" என்றாள். "உட்காரல்லாம் மாட்டேன். நின்னே கேட்டுக்கறேன்."

"உனக்கு இல்ல, அம்பாரோ. சுத்தமா இல்ல."

ஹில்தார்தோ கையைத் தட்டினார். "பார்த்தியா! நான் சொன்னேன்ல தங்கச்சி? நீ நூறு வயசு வரைக்கும் இருந்து எங்க உயிரையெல்லாம் வாங்கப்போறே!"

அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"அதனாலதான் அக்கா என் பக்கத்துல வரவே மாட்டேங்கறாளா?"

"யாரு?"

"லிபியாக்கா. எவேலியோ அண்ணன் பக்கத்துல தினமும் வந்து நிக்கிறா. என்கிட்ட வரதே இல்ல. தலையைத் திறக்கறப்ப நான் தடுக்கலைன்னு கோபமோன்னு நினைச்சேன். பாதி அக்காவைத்தானே டாக்டர் நாங்க புதைச்சோம்."

நான் அவள் தோளைத் தொட்டேன். இதெல்லாம் நான் கேட்டுப் பழகியதுதான். சாவு அதிகம் நடந்த வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள்.

எவேலியோ தாழ்வாரத்தில் நாற்காலியில் இருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் மூளையின் வலது பாதியில் பெரிய அடைப்பு வந்தது. அதற்குப் பிறகு அவருடைய உலகத்தில் இடது பக்கமே இல்லாமல் போய்விட்டது. கண் கெடவில்லை. ஆனால் இடது என்று ஒன்று இருப்பதாகவே மூளைக்குத் தெரியாது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்பார். தாடியைப் பாதி முகத்தில் மட்டும் மழித்துக்கொள்வார். இடது பக்கம் போய் நின்று கத்தினாலும் திரும்ப மாட்டார். இப்படி நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கீங்க, எவேலியோ?"

"இருக்கேன் டாக்டரம்மா. தலைதான் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. அக்கா தடவிக் கொடுக்கறா."

"அக்கா எங்க இருக்காங்க?"

"இந்தப் பக்கம்" என்றார். கையை அசைக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. அவருக்குத் திருப்பத் தெரியாத அந்தப் பக்கம்.

நான் எழுந்து போய் அவருடைய இடது பக்கத்தில் நின்றேன். "இப்ப இங்க யாரு இருக்கா?"

"அக்காதான். வேற யாரும் இல்லையே. டாக்டரம்மா, எங்க போயிட்டீங்க?"

வழக்கமான சோதனையைச் செய்தேன். இடது பக்கம் மூன்று விரலைக் காட்டினேன். "எத்தனை விரல்?"

"ஒண்ணும் தெரியல." கொஞ்சம் பொறுத்து, "அக்காவுக்குத் தெரியுது. மூணுங்கறா" என்றார்.

ஹில்தார்தோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

விரலை மாற்றினேன். ஐந்து என்றார். மறுபடி மாற்றினேன். ஒன்று என்றார். எப்படியோ ஓரக்கண்ணால் பார்க்கிறார் என்று நினைத்து, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"ரெண்டு" என்றார் எவேலியோ. "ஏன் டாக்டரம்மா ஒளிச்சு வைக்கறீங்கன்னு கேக்கறா. அவ உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கறாளாம்."

என் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரமண், புகை, காபித் தோல் புளித்த நெடி, இவற்றுக்கு நடுவில் மூக்கைக் குத்தும் ஒரு மருந்து வாடை. என் வேலையே அந்த வாடையோடுதான். அந்த மலையில் அது வருவதற்கு வழியே இல்லை.

ஃபார்மலின்.

"அண்ணே" என்று கூப்பிட்டார் எவேலியோ. ஹில்தார்தோவைத்தான். "எங்க அக்கா உங்ககிட்ட வரா. பயப்படாதீங்க. நல்லவதான்."

"எனக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்காளேப்பா வீட்டுல" என்றார் ஹில்தார்தோ. "ரெண்டாவதுக்கு எங்க போவேன்?" குரல் விளையாட்டுதான். ஆனால் அவர் தன் இடது தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார், பூச்சி உட்கார்ந்ததைத் தட்டிவிடுவதுபோல.

எவேலியோ சிரித்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, தலையை இடது பக்கம் திருப்பினார்.

ஆறு மாதமாக அவர் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

முகம் முழுதும் மலர்ந்தது. "முழுசா வரலையே அக்கா நீ" என்றார். அடுத்த மூச்சில் நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் பிடித்தபோது கண்மணி ஒன்று விரிந்துபோயிருந்தது. மூளைக்குள் குழாய் வெடித்துவிட்டது. அந்த மலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அம்பாரோ அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மூடுபனி தாழ்வாரத்துக்குள் ஏறி வந்துகொண்டிருந்தபோது மூச்சு நின்றது.

அவரும் மூளையைத் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார். சில மணி நேரத்துக்குள் நகரத்துக்குக் கொண்டுபோனால்தான் அது ஆராய்ச்சிக்கு உதவும். அம்பாரோவே சொன்னாள்.

"கிளம்பலாம் டாக்டர். அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கு."

எவேலியோவைக் கம்பளியில் சுற்றி ஜீப்பின் பின்பக்கம் கிடத்தினோம். அம்பாரோ பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர் வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம்; ஹில்தார்தோ ஓட்ட, நான் அவருக்கு வலது பக்கத்தில். பொழுது இன்னும் சாயவில்லை. ஆனால் பனி வழியை விழுங்கியிருந்தது. வலப்பக்கம் மலைச்சுவர். இடப்பக்கம் பாதாளம். அதன் அடியில் ஆறு ஓடும் சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது.

ஹில்தார்தோ வழக்கம்போலப் பேசவில்லை. ஒரு வளைவில் இடப்பக்கக் கண்ணாடி ஒரு கம்பத்தில் இடித்து நொறுங்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹில்தார்தோ, பார்த்து!"

"என்ன டாக்டர்?"

"கண்ணாடி போச்சே."

"எந்தக் கண்ணாடி?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பக்கவாட்டில் எனக்குத் தெரிந்தது வலது பாதி மட்டும்தான். அது அமைதியாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார். பேச்சு லேசாகக் குழறியது.

"பாவம் டாக்டர். ஈரத்துல நடந்து வருது அந்தம்மா."

"எந்தம்மா?"

"இதோ. என் ஜன்னலுக்குப் பக்கத்துல."

அவருடைய ஜன்னலுக்குப் பக்கத்தில் பாதை இல்லை.

"ரொம்ப நேரமா நம்ம கூடவே வருது. கையைக் காட்டுது பாருங்க. ஏத்திக்கலாம் டாக்டர், இடம் இருக்கே." சொல்லிக்கொண்டே வண்டியை மெதுவாக்கினார். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார்.

"ஹில்தார்தோ!"

நான் கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். ஜீப் உதறியது, சறுக்கியது. முன்பக்கம் ஒரு மூலை இறங்கியது. கற்கள் உருண்டு கீழே போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பின்னாலிருந்து அம்பாரோ கத்தினாள். எங்களைப் பார்த்து அல்ல.

"அக்கா! அவரு நம்ம வீட்டு ஆள் இல்ல! விட்டுரு அக்கா!"

இடது முன்சக்கரம் வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. என்ஜின் நின்றது. ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்தது, மருந்து வாடை. வந்த மாதிரியே போனது.

ஹில்தார்தோவை என் பக்கமாக இழுத்துத் தரையில் கிடத்தினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். வலது கையை மட்டும் தூக்கினார். நான் இடது கையை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தேன்.

"இது யாரு கை, ஹில்தார்தோ?"

"என் கை இல்ல" என்றார். "அந்தம்மா கை. பிடிச்சுக்கிட்டிருக்கு."

இதுவும் எனக்குத் தெரிந்த அறிகுறிதான். புத்தகத்தில் இருக்கிறது, நானே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாதையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தபோது எந்தப் பாடமும் எனக்கு உதவவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அடைப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. மருந்து ஏற்றினால் கரையும். நேரம் இருக்கிறது.

சக்கரத்தின் அடியில் கற்களை அடைத்தோம். அம்பாரோ பின்னால் தொங்கிக்கொண்டு பாரம் கொடுக்க, நான் ரிவர்ஸ் எடுத்தேன். எப்படி ஏறியது என்று இன்றைக்கும் தெரியாது. மலையடி ஊரின் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப் போனேன். அங்கே மருந்தை ஏற்றி, ஹில்தார்தோவை ஆம்புலன்ஸில் மெதெயினுக்கு அனுப்பி, நானும் கூடப் போனேன். எவேலியோ அந்த ஆஸ்பத்திரியின் பின்னறையில் கிடந்தார். அவருடைய மூளைக்கான நேரம் கடந்துபோயிருந்தது.

மறுநாள் அம்பாரோவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கு டாக்டர்?" என்றாள். "அண்ணனையாவது முழுசாப் புதைக்கறேன்."

ஹில்தார்தோ பிழைத்தார். எங்கள் வார்டிலேயே படுத்திருந்தார். முதல் வாரம் அவருக்கும் இடது பக்கம் கிடையாது. நர்ஸ்கள் கேலி செய்தார்கள், அவரும் பதிலுக்குக் கேலி செய்தார். ஆனால் நான் தனியாகப் போனபோது குரலைத் தணித்துக்கொண்டார்.

"அவ கெட்டவ இல்ல டாக்டர். என்னைத் தள்ளிவிட வரல. எனக்கு வரப்போறது தெரிஞ்சு பக்கத்துல வந்திருக்கா. பழக்கம் அவளுக்கு. யாரும் தனியா இருக்கக் கூடாது."

"இப்ப இருக்காளா?"

"இருக்கா." கண்ணை மூடிக்கொண்டார். "பார்க்கத்தான் முடியல டாக்டர். அங்கங்க இல்ல அவ. நெத்தி இருக்கு, அதுக்குக் கீழ இல்ல. வாய் இருக்கு. மறுபடி இல்ல. கிழிச்ச படத்தைச் சேர்த்து வச்ச மாதிரி."

இரண்டாவது வாரம் அவருக்கு இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "போயிட்டா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

அம்பாரோ மலையை விட்டு இறங்கி வந்துவிட்டாள். நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"அக்காவைத் திருப்பிக் கொடுங்க டாக்டர்."

கொடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. லிபியாவின் மூளையிலிருந்துதான் அந்த நோயைப் பற்றி நாங்கள் கற்றதில் பாதி. அவளால்தான் ஒரு மருந்துக்கு வழி தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனாலும் எழுதி, கெஞ்சி, சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். ஜாடியில் இருந்ததையும் உறைபெட்டியில் இருந்ததையும் ஒரு சின்ன மரப்பெட்டியில் வைத்து நானே சான் ஹெர்வாசியோவுக்கு எடுத்துப்போனேன். அவளுடைய குழியின் தலைமாட்டில் தோண்டி வைத்தோம்.

மண்ணைத் தள்ளி முடித்ததும் அம்பாரோ கேட்டாள். "இதுல எல்லாம் இருக்கா?"

"இல்ல அம்பாரோ. மெல்லிசா சீவி வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பியிருக்கோம். பல ஆஸ்பத்திரிகளோட ஆய்வுக்கூடங்களுக்கு. அவங்க வேற இடங்களுக்கும் கொடுத்திருப்பாங்க. எல்லாத்தையும் சேர்க்க முடியாது."

அவள் கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு அங்க யாரையும் தெரியாதே" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எதுவும் நடக்கவில்லை. நான் பழையபடி வார்டு, ஆராய்ச்சி என்று இருந்தேன். மலைக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். ஹில்தார்தோ கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினார். அம்பாரோ மெதெயினில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். யாரையோ கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகக்கூடச் சொன்னாள்.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஹென்ரிகே கூப்பிட்டாள். என்னைப் போலவே பக்கவாத மருத்துவர். நாங்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பற்றிப் பேசி முடித்தோம். வைக்கப்போகும்போது, "ஒரு சின்னச் சந்தேகம்" என்றாள். "அம்பாரோன்னா உங்க பாஷையில என்ன அர்த்தம்?"

"அடைக்கலம்னு அர்த்தம். பொண்ணுங்களுக்குப் பேராவும் வைப்போம். ஏன் கேக்கறே?"

"எங்க வார்டுல ஒரு வயசானவர் இருக்கார். ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். வலது பக்க மூளையில அடைப்பு, இடது பக்கமே தெரியல. ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா நாள் பூரா அந்த ஒரு பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கார். ஏன்னு கேட்டா, நான் சொல்லல, பக்கத்துல நிக்கற பொம்பளை சொல்லச் சொல்றாங்கறார். அவளுக்கு ரொம்பக் குளிருதாம்."

லிபியாவின் சீவல்களை எந்தெந்த ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினோம் என்ற பட்டியலைக் கணினியில் தேட ஆரம்பித்தேன்.

"மூளை செய்யற வேலைதான், தெரியும்" என்று ஹென்ரிகே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா ஒண்ணு. இங்க இப்ப நல்ல வெயில் காலம். வார்டுல ஜன்னலையெல்லாம் திறந்து வச்சிருக்கோம். அந்தக் கட்டிலோட இடது பக்கம் போகணும்னா மட்டும் எங்க நர்ஸுங்க ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கறாங்க."